எட்டு ஸ்டேஷன் ஊருக்கு ஒரு நகர ரயில்!

திருச்சிவாசி ஒருவரை நிறுத்தி, "உங்கள் ஊரில் எத்தனை ரயில்வே ஸ்டேஷன்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஜங்ஷன்" என்பார். சற்று யோசித்து, "கோட்டை ஸ்டேஷன்" என்று சேர்த்துக்கொள்வார். ஸ்ரீரங்கத்துக்காரராக இருந்தால் தம் ஊர் ஸ்டேஷனை விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் விரல் விட்டு எண்ணினால் கணக்கு எட்டு வரையில் போகிறது. ஜங்ஷன், பாலக்கரை, கோட்டை, டவுன், ஸ்ரீரங்கம், பொன்மலை, மஞ்சத்திடல், திருவெறும்பூர்!

தஞ்சாவூர், விழுப்புரம், திண்டுக்கல், கரூர், புதுக்கோட்டை என்று ஐந்து திசைகளிலிருந்தும் இருப்புப் பாதைகள் இங்கே வந்து கூடுகின்றன. ஐந்திலும் இப்போது மின்சாரக் கம்பி ஓடுகிறது. இவ்வளவு இருந்தும், ஸ்ரீரங்கத்திலிருந்து பெரிய கடைவீதிக்கு ஜவுளி வாங்கக் கிளம்புகிறவரோ, உறையூரிலிருந்து திருவெறும்பூர் பாய்லர் ஆலைக்கு வேலைக்குப் போகிறவரோ ரயிலை நினைப்பதே இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்தான். ஸ்ரீரங்கம், சத்திரம், மெயின் கார்டு கேட், பாலக்கரை, ஜங்ஷன் என்று ஊரை வடக்கு தெற்காகத் தைத்துக்கொண்டு ஓடும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைத் தெரியாத திருச்சிக்காரர் உண்டா? எந்த நிபுணரும் வரைபடம் போடுவதற்கு முன்பே ஊர் ஜனங்கள் தங்களுக்கு வேண்டிய பாதையை அந்த பஸ்ஸில் ஏறி ஏறிக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த ஊருக்கு மெட்ரோ ரயில் வர வேண்டும் என்ற பேச்சு சில வருஷங்களாக அடிபடுகிறது. வந்தால் எந்த வழியாக வர வேண்டும்? எத்தகைய வண்டி வேண்டும்? ஏற்கெனவே இருக்கும் எட்டு ஸ்டேஷன்களை என்ன செய்வது? இதைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஊரைச் சுற்றிப் போன ரயில்

நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட ரயில் பாதை 1862இல் திருச்சியை எட்டியது. போட்டது ஓர் ஆங்கிலேயக் கம்பெனி. துறைமுகத்துக்கும் உள்நாட்டுக்கும் சரக்கு ஏற்றி இறக்குவதே அதன் குறி. மலைக்கோட்டை அடிவாரத்தில் நெருக்கியடித்துக் கொண்டிருந்த கடைவீதிகளுக்குள் தண்டவாளத்தை நுழைக்க அதற்கு அவசியமும் இல்லை, இடமும் இல்லை. ஆகவே ஸ்டேஷன் ஊருக்குத் தெற்கே, வெள்ளைக்காரர் தங்கியிருந்த கண்டோன்மெண்ட் பக்கம் அமைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கரூர்ப் பாதை பாலக்கரை வழியாக வடக்கே வந்து, கோட்டை ஸ்டேஷனைத் தொட்டு மேற்கே திரும்பிவிட்டது. 1920களின் கடைசியில் விழுப்புரம் கார்டு லைன் வந்தபோது, அது கிழக்கே பொன்மலைக்குப் போய், அங்கிருந்து வடக்கே திரும்பி, டவுன் ஸ்டேஷன் வழியாகக் காவேரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் சேர்ந்தது.

மலைக்கோட்டைக்கு மேற்கே ஒரு பாதை, கிழக்கே ஒரு பாதை. பிள்ளையாரைப் பிரதட்சிணம் செய்யக் கிளம்பிய ரயில், நடுவில் ஞாபகம் மாறி வெளியூர் போய்விட்டதைப் போல! கோட்டை ஸ்டேஷனும் டவுன் ஸ்டேஷனும் ஒரே ஊரின் இரண்டு தோள்களில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயிலில் போக வேண்டுமானால் ஜங்ஷனுக்கு வந்து சுற்ற வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1931இல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் விட்டதே, அந்தத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பெரிய ஆபீஸ் இருந்தது எங்கே என்கிறீர்கள்? திருச்சியில்! இங்கே உட்கார்ந்துகொண்டு சென்னைக்கு நகர ரயில் போட்டவர்களுக்குத் தங்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்த ஊருக்கு ஒன்று போடத் தோன்றவில்லை. பட்டறையை மட்டும் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்துப் பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள். 1951இல் தெற்கு ரயில்வே உருவானபோது தலைமையகம் சென்னைக்குப் போய்விட்டது.

பாலம் மூடிய ஆறு மாதம்

நகர ரயில் என்பது பெரிய பட்டணத்து ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் 2022 செப்டம்பர் முதல் 2023 மார்ச் வரை ஸ்ரீரங்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

1976இல் திறக்கப்பட்ட காவேரிப் பாலம் அப்போது பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டது. சிந்தாமணிக்கும் மாம்பழச் சாலைக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு பாலம்தான் ஸ்ரீரங்கத்தையும் திருவானைக்காவையும் நகரத்தோடு கட்டிப் போட்டிருக்கும் கயிறு. பஸ்ஸும் காரும் சென்னை புறவழிச் சாலையைச் சுற்றி வர நேர்ந்தது. காலேஜுக்குப் போகிற பிள்ளைகளும், புத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகளும், கடைக்குச் சாமான் வாங்கப் போகிற வியாபாரிகளும் அரை மணி நேர வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் செலவழித்தார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சற்றுக் கிழக்கே இருக்கும் ரயில் பாலத்தின் மேல் இரட்டைத் தண்டவாளத்தில் வண்டிகள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவை சென்னைக்கும் மதுரைக்கும் போகிற வண்டிகள். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஸ்ரீரங்கத்தில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போக அவற்றுக்கு வேலை இல்லை.

பாலமோ தண்டவாளமோ இருந்தால் மட்டும் போதாது. அடிக்கடி வண்டி வர வேண்டும், இறங்கிய இடத்திலிருந்து நடந்து போகும்படி இருக்க வேண்டும். நகர ரயிலுக்கும் வெளியூர் ரயிலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

காகிதத்தில் இரண்டு கோடுகள்

சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் திருச்சிக்கென்று ஒரு சாத்தியக்கூறு அறிக்கை தயாரித்து 2023இல் ராஜ்ய சர்க்காரிடம் கொடுத்தது. அதில் இரண்டு வழித்தடங்கள். சமயபுரத்திலிருந்து வயலூர் வரை சுமார் 19 கிலோமீட்டர் ஒன்று. துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூர் வரை சுமார் 26 கிலோமீட்டர் இன்னொன்று. ஆக மொத்தம் 45 கிலோமீட்டர். சென்னையில் 2019இல் முடிந்த முதல் கட்டத்தின் நீளமும் ஏறக்குறைய இதுதான் என்பதை நினைத்தால் சற்று மலைப்பாக இருக்கிறது.

இத்தகைய கோடுகளை எப்படிப் போடுகிறார்கள்? முதலில் வீடு வீடாகவும் சாலை ஓரத்திலும் நின்று விசாரிக்கிறார்கள்: எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எதில் போகிறீர்கள்? நகரத்தைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் மற்ற ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எத்தனை பேர் போகிறார்கள் என்று ஒரு பெரிய அட்டவணை போடுகிறார்கள். பிறகு காலை நெரிசல் வேளையில் ஒரே திசையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் போவார்கள் என்று கணிக்கிறார்கள். இந்த ஒரு எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எண் பெரிதாக இருந்தால் மெட்ரோ. சிறிதாக இருந்தால் அதைவிட எளிய வண்டி.

நாமும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி வண்டியில் நின்றும் உட்கார்ந்தும் ஏறக்குறைய 1,276 பேர் போகலாம். மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 20 வண்டி. 25,000 பேருக்கு மேல். மத்திய சர்க்கார் 2019இல் சிறு நகரங்களுக்கென்று வகுத்த "மெட்ரோலைட்" வண்டியில் சுமார் 300 பேர்தான். அதுவும் மூன்று நிமிஷத்துக்கு ஒன்று வந்தால் மணிக்கு 6,000 பேர். 60 பேர் ஏறும் பஸ்ஸில் அத்தனை ஜனங்களைக் கொண்டுபோக நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸுக்கும் மேல் விட வேண்டும்.

திருச்சிக்கு எது பொருந்தும்? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி திருச்சி நகரமும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து 10.22 லட்சம். சென்னை அதே கணக்கில் 87 லட்சத்தை நெருங்கிற்று. சென்னையில் 54 கிலோமீட்டர் மெட்ரோ ஓடி, 2025இல் நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பேர் ஏறினார்கள். அந்த விகிதத்தைத் திருச்சிக்கு வைத்தால் 35,000 பேர் வருகிறது. ஊருக்கு ஊர் வேறுபடும். இது துல்லியமான கணக்கல்ல. ஆனாலும், சென்னையின் இரண்டாம் கட்டத்துக்கு 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல் ஆகிறது என்பதோடு இதை வைத்துப் பார்க்கும்போது, சென்னையில் போட்ட அதே சட்டையைத் திருச்சிக்கு மாட்டினால் தோள் தொங்கும் என்பது தெரிகிறது.

டில்லி சொன்ன பதில்

2017இல் வகுக்கப்பட்ட மெட்ரோ கொள்கையை ஆதாரமாகக் காட்டி, 20 லட்சம் ஜனத்தொகை இல்லை என்று மத்திய சர்க்கார் கோயம்புத்தூர், மதுரைத் திட்டங்களை 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 20 லட்சத்துக்குக் குறைந்த ஆக்ராவில் 2024 மார்ச் முதல் மெட்ரோ ஓடும்போது எங்களுக்கு மட்டும் என்ன என்று தமிழ்நாட்டில் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் கோவைக்கும் மதுரைக்கும் இந்த கதி என்றால், அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் திருச்சியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? நம் அபிப்பிராயம் வேறு. பெரிய மெட்ரோ வராது என்பதே நல்லதாகப் போகலாம். ஏனென்றால் திருச்சிக்கு வேண்டியது 45 கிலோமீட்டர் புதுப் பாதை அல்ல. பழைய பாதைகள் போகாமல் விட்ட இடத்தில் ஒரு குறுகிய புதுப் பாதையும், பழைய பாதைகளில் அடிக்கடி ஓடும் வண்டிகளும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே கூரையும்தான்.

சின்ன ஊர்கள் செய்த காரியம்

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ என்று ஓர் ஊர். ஜனத்தொகை மூன்று லட்சம்தான். அங்கும் நம் ஊரைப் போலவே ரயில்வே ஸ்டேஷன் கடைத்தெருவிலிருந்து தள்ளி இருந்தது. அண்டை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் ரயிலிலிருந்து இறங்கி, டிராமில் ஏறிக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. 1992இல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இரண்டு வித மின்சாரத்திலும் ஓடக்கூடிய டிராம் வண்டியைத் தயாரித்து, அதை ரயில் தண்டவாளத்திலும் ஓடவிட்டார்கள். வெளியூரில் ஏறினவர் வண்டி மாறாமல் கடைத்தெரு நடுவில் இறங்கினார். பிரயாணிகள் பல மடங்கு பெருகினார்கள். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரமோ, இருந்த ரயில் பாதைகளையே பயன்படுத்தி, நடுவில் ஒரு சுரங்கத்தை மட்டும் புதிதாகத் தோண்டி, 1990இல் நகர ரயிலை ஆரம்பித்தது.

இதை அப்படியே இங்கே செய்ய முடியுமா என்றால், ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. நம் ரயில்வேயின் தண்டவாள அகலம் 1,676 மில்லிமீட்டர். சென்னை மெட்ரோவின் அகலம் 1,435. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஏறாது. டில்லியில் முதலில் கட்டிய மெட்ரோ பாதைகளை ரயில்வேயின் அகலத்திலேயே அமைத்தார்கள். ஆனாலும் மெட்ரோ வண்டி ரயில்வேப் பாதையில் கால் வைக்கவில்லை. இரண்டு இலாகா, இரண்டு சட்டம், நடுவில் ஒரு வேலி. தண்டவாளத்தை ஒட்டவைப்பதைவிட இலாகாக்களை ஒட்டவைப்பது கடினம் போலும்! ஆகவே வண்டி மாறத்தான் வேண்டும். மாறுவதற்கு அரை பர்லாங்கு வெயிலில் நடக்க வேண்டுமா, ஒரு படிக்கட்டு ஏறினால் போதுமா என்பதே கேள்வி.

இந்த விஷயத்தில் சென்னை நமக்கு நல்ல பாடம் வைத்திருக்கிறது. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை திறந்த பறக்கும் ரயில், பின்னர் மயிலாப்பூருக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது. நிலம் எளிதில் கிடைத்தது என்பதற்காகப் பக்கிங்காம் கால்வாய் ஓரமாகவே அதைக் கொண்டுபோனார்கள். ஸ்டேஷன்கள் அரண்மனை போல எழும்பின. ஆனால் பஸ் ஓர் இடத்தில் நின்றது, ரயில் ஓர் இடத்தில் நின்றது. வெகு காலம் வரை அந்த மாளிகைகளில் புறாக்களே அதிகம். திருச்சியில் பழைய பாதையைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லும்போது இந்த அபாயத்தையும் மறக்கக் கூடாது. கோட்டை ஸ்டேஷனிலும் டவுன் ஸ்டேஷனிலும் வண்டி மட்டும் அதிகமாக விட்டுவிட்டு, சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போக வழி செய்யாவிட்டால் அங்கும் புறாதான் குடியிருக்கும்.

தேர் ஓடும் தெரு

மற்ற ஊர்களில் நிபுணர்கள் காலை ஒன்பது மணி நெரிசலைக் கணக்கிட்டால் போதும். ஸ்ரீரங்கத்தில் அது போதாது. இங்கே நெரிசலுக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும்!

வைகுண்ட ஏகாதசி அன்று லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். ஆடிப் பதினெட்டில் அம்மா மண்டபம் கொள்ளாது. சமயபுரத்தில் பூச்சொரிதல் வந்துவிட்டால் சாலை முழுவதும் மஞ்சள் ஆடை. மெட்ரோலைட் வண்டி சாதாரண நாளுக்குப் போதும், ஏகாதசிக்கு எம்மாத்திரம்? அதற்காக வருஷம் முழுவதும் பெரிய வண்டியைக் காலியாக ஓட்டவும் முடியாது. இங்கேதான் பழைய ரயில்வே கைகொடுக்கும். எட்டுப் பெட்டி மெமு வண்டி ஒன்று இரண்டாயிரம் பேருக்குக் குறையாமல் ஏற்றும். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலிருந்து கோயில் நடந்து போகும் தூரம்தான். தினசரிக் கூட்டத்துக்குப் புதுப் பாதை, திருநாள் கூட்டத்துக்குப் பழைய பாதை என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் அளவாக இருக்கும்.

புதுப் பாதை ஸ்ரீரங்கத்தில் எங்கே போகலாம் என்பதும் விளையாட்டல்ல. ஏழு திருச்சுற்றுகள், வெளிச்சுற்றுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும், தைத்தேர் உத்தர வீதிகளிலும் ஓடுகிறது. அங்கே தூண் நட்டு மேலே ரயில் விடலாம் என்று எந்த இன்ஜினீயரும் சொல்லத் துணிய மாட்டார். 1987இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தின் முகத்தை மறைத்து ஒரு கான்கிரீட் பாலம் போனாலும் ஊர் பொறுக்காது. சுற்றுகளுக்கு வெளியே நின்று, நடந்து உள்ளே போகச் செய்வதுதான் வழி.

மறுகரையில் மலைக்கோட்டை. மகேந்திரவர்மன் குடைந்த குகை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். பெரிய கடைவீதியின் அகலத்தைப் பார்த்தவர்கள் அங்கே மேம்பாலத்தைக் கனவிலும் நினைக்க மாட்டார்கள். சுரங்கம் என்றால் ஒரு பக்கம் கெட்டிப் பாறை, ஆற்றை நெருங்கினால் மணல். கல்கத்தாவில் ஹூக்ளி நதியின் கீழே சுரங்கம் தோண்டி 2024 மார்ச்சில் ரயில் விட்டிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவை இந்த ஊர்க் கணக்கு தாங்காது. ஆற்றைப் பாலத்தில்தான் தாண்ட வேண்டும். அதிலும் எச்சரிக்கை தேவை. 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம், போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த நிலையில், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் தூண்கள் சரிந்து விழுந்ததை ஊரே கரையில் நின்று பார்த்தது.

எங்கே ஆரம்பிப்பது?

நம்மைக் கேட்டால், ஒன்றாம் நம்பர் பஸ் போகிற வழியே முதல் பாதை. ஸ்ரீரங்கம், சத்திரம், மெயின் கார்டு கேட், பாலக்கரை, ஜங்ஷன். சமயபுரமும் வயலூரும் பிறகு சேரட்டும். அவை இரண்டுக்கும் ரயில் பாதை கிடையாது. ஆகவே அவற்றின் உரிமை நியாயமானது. துவாக்குடிப் பக்கம் மட்டும் சற்று யோசிக்க வேண்டும். தஞ்சாவூர் ரோடு ஓரமாகவே இரட்டை ரயில் பாதை போகிறது. திருவெறும்பூரில் 1960களில் வந்த பாய்லர் ஆலையும், துவாக்குடியில் அதே காலத்தில் வந்த இன்ஜினீயரிங் காலேஜும் ஆயிரக்கணக்கானவர்களை நாள்தோறும் அந்த ரோட்டில் இழுக்கின்றன. அங்கே புதிதாகத் தூண் நடுமுன், காலையிலும் மாலையிலும் இருபது நிமிஷத்துக்கு ஒரு மெமு விட்டு, ஆலை வாசலுக்கு பஸ்ஸைச் சேர்த்துப் பார்க்கலாமே! எக்ஸ்பிரஸ்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் நடுவில் இடம் ஏது என்று ரயில்வேக்காரர்கள் கேட்பார்கள். அதுவும் வாஸ்தவம்தான். இன்னொரு தண்டவாளம் போட வேண்டியிருக்கலாம். அதற்கு ஆகும் செலவு மெட்ரோ செலவில் ஒரு சிறு பங்குதான்.

பஞ்சப்பூரில் 2025இல் புதிய பஸ் நிலையம் திறந்தாகிவிட்டது. வெளியூர் பஸ்ஸிலிருந்து அங்கே இறங்குகிறவர் ஊருக்குள் வர மறுபடியும் பஸ்தான் ஏறுகிறார். ரயில் வரும்போது அதன் ஸ்டேஷன் பஸ் நிலையத்துக்குள் வருமா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வருமா என்பதை நிலம் காலியாக இருக்கும் இப்போதே முடிவு செய்துவிட்டால் பின்னால் இடிக்கிற வேலை மிச்சம்.

அடுத்த ஜனத்தொகைக் கணக்குக்கு 2027 மார்ச் 1ஆம் தேதியை ஆதார நாளாக வைத்திருக்கிறார்கள். அதில் திருச்சி எவ்வளவு வளர்ந்திருந்தாலும் 20 லட்சத்தைத் தொடுவது துர்லபம். வீட்டில் வழக்கமாகக் குடியிருப்பவர்களைத்தான் அதில் எண்ணுவார்கள். ஏகாதசிக்கு வந்து வடக்கு வாசலில் வரிசையில் நிற்கிறவரும், சமயபுரத்துக்கு நடந்து வருகிறவரும், அரியலூரிலிருந்து தினமும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வந்து போகிறவரும் வேறு ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.